மூதறிஞர் இராஜாஜியும் தனிமனித சுதந்திரமும்

எமது வாலிப அன்பர் பலருக்கு இராஜாஜி என்றதும் ‘வியாசர் விருந்து’ம் ‘சக்கரவர்த்தித் திருமகன்’உமே நினைவுக்கு வரும். பாரதத்தையும் இராமகாதையையும் எளிய தமிழில் எம் வீடுகளுக்குக் கொண்டுவந்து சேர்த்த பெரியவர் அவர். கோவில் ஒலிபெருக்கியிலே எம். எஸ். சுப்புலட்சுமி அம்மையாரின் குரலில் நாம் கேட்கும் ‘குறையொன்றுமில்லை’ என்னும் பக்திப் பாடலை இயற்றியவரும் அவரே. ஆயினும் அப்பெரியவருக்கு வேறொரு முகமும் உண்டு. அரசாங்கத்தின் கை மனிதனுடைய வாழ்விலே எவ்வளவு தூரம் நுழையலாம் என்ற கேள்வியை இருபதாம் நூற்றாண்டிலே தமிழர் மத்தியில் மிகவும் விடாப்பிடியாகக் கேட்டவர் அவர். அக்கேள்வி இந்தியாவுக்கு மாத்திரம் உரியதன்று. பேர்மிட் காணியிலே பிறந்து, கூப்பன் அரிசியிலே வளர்ந்து, பாஸ் இல்லாமற் படலை தாண்ட முடியாத காலத்தையும் கண்ட வன்னி மக்களாகிய எமக்கு அது மிகவும் நெருங்கிய கேள்வியாகும்.

மேனாட்டிலே இக்கேள்வியை ஆராய்ந்த தத்துவஞானிகள் பலர். ஆங்கில அறிஞர் ஜோன் ஸ்ருவேட் மில் ‘சுதந்திரம்’ பற்றிய தமது நூலை 1859ஆம் ஆண்டிலே வெளியிட்டார். ஒருவன் பிறருக்குத் தீங்கு செய்யாதவரை அவனைத் தடுக்கச் சமுதாயத்துக்கு உரிமையில்லை என்பது அதன் சாரம். 1944இல் ஹாயெக் என்னும் பொருளியலறிஞர், எல்லாவற்றையும் திட்டமிடப் புறப்படும் அரசாங்கம் ஈற்றில் மக்களை அடிமைத்தனத்துக்கே இட்டுச் செல்லும் என்று எச்சரித்தார். 1974இல் அமெரிக்கப் பேராசிரியர் றொபேட் நோசிக், உயிரையும் உடைமையையும் ஒப்பந்தத்தையும் காப்பதற்கு மேலாக அரசுக்கு வேலையில்லை என்று வாதித்தார். இவர்கள் பெரும்பாலும் நூலகத்திலும் சருவகலாசாலையிலும் இருந்து சிந்தித்தவர்கள். இராஜாஜியோ மறியற்சாலையிலும் மந்திரி ஆசனத்திலும் மாறி மாறி இருந்து சிந்தித்தவர். அவர் வாழ்க்கையைப் படிப்பதிலுள்ள பயன் இதுவே.

தொரப்பள்ளியிலிருந்து வேலூர்ச் சிறைக்கு

சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரியார் 1878ஆம் ஆண்டு மார்கழி மாதம் 10ஆந் திகதி, அக்காலச் சேலம் ஜில்லாவிலே ஓசூருக்கு அண்மையிலுள்ள தொரப்பள்ளி என்னுஞ் சிற்றூரில், ஊர் முன்சீப் ஒருவரின் மகனாகப் பிறந்தார். பெங்களூரிலும் சென்னையிலும் கற்று, 1900ஆம் ஆண்டில் சேலத்திலே வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார். பெரும் பொருள் ஈட்டினார். 1917 முதல் 1919 வரை சேலம் நகரசபைத் தலைவராயிருந்தார்.

1919இல் ஆங்கில ஆட்சியினர் ரௌலட் சட்டத்தைக் கொண்டுவந்தனர். விசாரணையின்றி ஒருவரை அடைத்துவைக்க அச்சட்டம் இடமளித்தது. அவ்வாண்டு பங்குனியிலே காந்தியடிகள் சென்னைக்கு வந்து இராஜாஜியின் இல்லத்தில் தங்கியிருந்தபோதுதான், நாடெங்கும் ஒரே நாளிற் கடையடைத்து உபவாசமிருப்பது என்ற எண்ணம் அவருக்கு உதித்தது. அதன்பின் இராஜாஜி தொழிலைத் துறந்தார். 1921ஆம் ஆண்டு முடிவில் வேலூர்ச் சிறைக்கு மூன்று மாதத் தண்டனை பெற்றுச் சென்றார்.

அச்சிறையிலே அவர் எழுதிய நாட்குறிப்பில் ஒரு பகுதி இன்றும் படிப்போரைத் திகைக்கச் செய்யும். சுயராச்சியம் வந்தவுடனே நல்லாட்சியும் இன்பமும் வந்துவிடா என்று 1922ஆம் ஆண்டிலேயே அவர் எழுதிவைத்தார். தேர்தலும் அதன் ஊழலும், அநீதியும், பணத்தின் செருக்கும், நிருவாகத்தின் திறமையின்மையும் சேர்ந்து வாழ்வை நரகமாக்கக்கூடும் என்றும், நற்கல்வியும் ஒழுக்கமும் இளமையிலேயே ஊன்றப்பட்டாலன்றி விமோசனமில்லை என்றும் அவர் கண்டார். சுதந்திரப் போரிலே சிறை சென்ற ஒருவர், சுதந்திரத்துக்கு இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னரே இப்படி எழுதினார் என்பதைக் கவனிக்கவேண்டும். ஆள்பவனின் நிறம் மாறினால் மாத்திரம் போதாது என்பது அவருக்கு அன்றே தெரிந்திருந்தது.

1925இல் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆச்சிரமத்தை நிறுவி, கதர்த்தொண்டும் தீண்டாமை ஒழிப்பும் மதுவிலக்குப் பிரசாரமும் செய்தார். 1930ஆம் ஆண்டு சித்திரையிலே, ஏறக்குறைய நூறு தொண்டருடன் திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கு 150 மைல் தூரம் உப்புச் சத்தியாக்கிரக யாத்திரை நடத்தினார். எமது வடகரைக்கு நேரெதிரே கடலுக்கு அப்பால் உள்ள ஊர் வேதாரணியம். யாத்திரிகருக்குச் சோறும் இடமும் கொடுப்போர் தண்டிக்கப்படுவர் என்று தஞ்சாவூர்க் கலெக்டர் எச்சரித்தார். சனங்களோ சோற்றுப் பொட்டலங்களை வழியோரத்து மரக்கிளைகளிலே கட்டித் தொங்கவிட்டனர். வந்த விருந்தினனுக்கு ஒரு பிடி சோறிடுவதற்கும் ஆட்சியாளரின் அனுமதி வேண்டுமென்றால், அந்த ஆட்சி தன் எல்லையை மீறிவிட்டது என்பதை விளக்க வேறு நூல் வேண்டியதில்லை.

அதிகாரம் கைக்கு வந்தபோது

1937ஆம் ஆண்டு ஆடியில் இராஜாஜி சென்னை மாகாணத்தின் முதன்மந்திரியானார். கடன்பட்ட விவசாயிகளுக்கு நிவாரணச் சட்டம் செய்தார். சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். கள்ளு வருமானம் நின்றதனால் ஏற்பட்ட குறையை ஈடுசெய்ய விற்பனை வரியைப் புகுத்தினார். 1939இல் மதுரை மீனாட்சியம்மன் ஆலயத்திலே ஒதுக்கப்பட்ட குலத்தோர் பிரவேசித்தபோது, அதற்குத் துணைநின்றோர்மீது வழக்கு வராதபடி சட்டப் பாதுகாப்புக் கொடுத்தார். இவையெல்லாம் அவருக்குப் பெருமை சேர்த்தவை.

எனினும் அதே மந்திரிசபைதான் 1938இல் 125 பாடசாலைகளில் இந்தியைக் கட்டாய பாடமாக்கிற்று. தமிழ்நாடு கொதித்தெழுந்தது. மறியல் செய்த ஆயிரத்துக்கு மேற்பட்டோர் சிறைப்பட்டனர். தாய்மார் கைக்குழந்தைகளுடன் சிறை புகுந்தனர். நடராசன், தாளமுத்து என்னும் இரு வாலிபர்கள் 1939இல் சிறைக் கைதிகளாகவே உயிர்நீத்தனர். ஆங்கிலேயர் காலத்தில் காங்கிரசார் தாமே கண்டித்த குற்றவியற் திருத்தச் சட்டத்தையே இராஜாஜியின் அரசாங்கம் தன் எதிரிகள்மீது ஏவிற்று. 1940இல், அவர் பதவி நீங்கிய பின்னரே, கட்டாயம் கைவிடப்பட்டது.

1953இலும் இவ்வாறே நடந்தது. இரண்டாம் முறை முதன்மந்திரியாயிருந்த இராஜாஜி, கிராமத்து ஆரம்பப் பள்ளி நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, மீதி நேரத்திலே பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகலாம் என்று ஒரு திட்டம் போட்டார். பள்ளியும் ஆசிரியரும் போதாத நிலையிலே இரட்டிப்புப் பிள்ளைகளைப் படிப்பிக்கலாம் என்பது அவர் கணக்கு. ஆனால், தலைமுறை தலைமுறையாகப் பள்ளிவாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கு அத்திட்டம் எப்படித் தோன்றியிருக்கும்? சலவைத் தொழிலாளியின் மகன் சலவைக்கே திரும்பவேண்டும் என்ற கட்டளையாகவே அது தோன்றிற்று. ‘குலக்கல்வித் திட்டம்’ என்று பெயரிட்டு அதை எதிர்த்தனர். 1954இல் இராஜாஜி பதவி விலகினார். பின்வந்த காமராசர் அத்திட்டத்தைக் கைவிட்டார்.

இவற்றை இங்கே எடுத்துரைப்பது பெரியவரை இழிவுபடுத்துவதற்கன்று. நல்லெண்ணமும் கூர்மதியும் தூய வாழ்க்கையும் உடைய ஒருவர், மக்களின் நன்மையை மக்களைவிடத் தாம் நன்கறிவேன் என்று நம்பும்போது என்ன நேரும் என்பதற்கு இவை சான்று. இராஜாஜியின் கைக்கே இது நேருமாயின், அவரிலும் குறைந்தவர் கையிலுள்ள அதிகாரத்தைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா? அரசாங்கத்தின் அதிகாரத்துக்கு வேலியடைக்க வேண்டும் என்று அவர் பிற்காலத்திலே முழங்கிய கொள்கைக்கு, அவருடைய ஆட்சியே வலிய ஆதாரமாகும்.

அதே ஆட்சியிலே மறுபுறப் பாடமும் உண்டு. உலகப் போர்க்காலத்தில் வந்த உணவுக் கட்டுப்பாடு 1952 வரை சென்னையில் நீடித்தது. கமக்காரன் தன் நெல்லைத் தன் விருப்பப்படி விற்க முடியாது; ஒரு ஜில்லாவிலிருந்து மறு ஜில்லாவுக்குக் கொண்டுசெல்ல முடியாது; வாங்குவோருக்குப் பங்கீட்டு அட்டை. 1952ஆம் ஆண்டு ஆனியிலே இராஜாஜி இக்கட்டுப்பாட்டை நீக்கினார். பஞ்சம் வருமென்று பலர் அஞ்சினர், வரவில்லை. ஒளித்து வைத்திருந்த நெல் சந்தைக்கு வந்தது. சனங்கள் வரிசையில் நிற்கும் துன்பம் நீங்கிற்று. அதே ஆண்டிலே, தஞ்சாவூரில் நிலச்சொந்தக்காரர் குத்தகைக்காரரையும் பண்ணையாட்களையும் நினைத்தபடி வெளியேற்றாதவாறு ஓர் அவசரச் சட்டமும் பிறப்பித்தார். சந்தையைத் திறந்துவிட்ட கையே பண்ணையாளுக்குக் காவலும் போட்டது. நோசிக் போன்றோரின் ஏட்டுத் தத்துவத்திலிருந்து இராஜாஜி வேறுபடும் இடம் இது.

எண்பதாம் வயதிலே ஒரு கட்சி

இதற்கிடையில் அவர் வகித்த பதவிகள் பல. வங்காளத்துத் தேசாதிபதி, 1948 முதல் 1950 வரை இந்தியாவின் மகாதேசாதிபதி, பின்னர் மத்திய அரசாங்கத்தின் உள்நாட்டு மந்திரி. 1954இல் ‘பாரதரத்னா’ விருதை முதன்முதலிற் பெற்ற மூவருள் ஒருவர். இத்தனை புகழுடன் எழுபத்தைந்து வயதைக் கடந்தவர் சாய்மனைக் கதிரையிற் சாய்ந்து பேரப்பிள்ளைகளுடன் காலங்கழித்திருந்தால் யார் குறை கூறியிருப்பார்?

1959ஆம் ஆண்டு தை மாதம் நாகபுரியிலே கூடிய காங்கிரஸ் மகாசபை, விவசாயிகளின் நிலங்களை ஒன்றாக இணைத்துக் கூட்டுறவுப் பண்ணைகளாக உழவேண்டும் என்று தீர்மானித்தது. சீனத்திலே அப்போது நிலமனைத்தும் கொம்யூன்களாக்கப்பட்டிருந்தன. அடுத்த மூன்றாண்டுகளில் அங்கு பெரும் பஞ்சத்தில் மாண்டோர் கோடிக்கணக்கானோர் என்பதை உலகம் பின்னரே அறிந்தது. நாகபுரித் தீர்மானம் இராஜாஜியை எழுப்பிவிட்டது. தன் வரம்பிலே தானே நின்று உழுபவனுக்கும், பொதுப் பண்ணையிலே கணக்கப்பிள்ளை குறிக்கும் நாட்சம்பளத்துக்கு உழுபவனுக்கும் உள்ள வேறுபாட்டை அவர் அறிவார்.

1959ஆம் ஆண்டு ஆனி 4ஆந் திகதி சென்னையிலே சுதந்திராக் கட்சி தோன்றிற்று. மில்லின் நூல் வெளிவந்து சரியாக நூறாண்டு. இராஜாஜிக்கு வயது எண்பது. என். ஜி. ரங்கா தலைவரானார், மினூ மசானி, கே. எம். முன்ஷி போன்றோர் உடன் நின்றனர். நேருவோடு நாற்பதாண்டு தோழமை பூண்டவர், அவருக்கெதிரே கட்சி கண்டார்.

அக்கட்சி சாடிய முறைக்கு இராஜாஜி சூட்டிய பெயர் ‘பேர்மிட், லைசென்ஸ், கோட்டா ராச்சியம்’. 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி, முக்கியமான கைத்தொழில்களிலே ஆலை தொடங்கவும் லைசென்ஸ் வேண்டும். உள்ள ஆலையைப் பெருப்பிக்கவும் லைசென்ஸ் வேண்டும். வெளிநாட்டு மூலப்பொருளுக்குக் கோட்டா வேண்டும். ஏழைகளைக் காக்க வந்த முறை என்றே அது சொல்லப்பட்டது. நடைமுறையிலோ லைசென்ஸ் பெற்ற முதலாளிக்குப் போட்டியே இல்லாமற் போயிற்று. அவர் இன்னொருவருக்கு லைசென்ஸ் கிடையாதபடி பார்த்துக்கொண்டார். ஆளுங்கட்சிக்குத் தேர்தற் காசும் கொடுத்தார். கந்தோருக்கு நடந்து களைத்தவன் சிறு முதலுடைய மனிதனே. பேர்மிட் கொடுக்கும் கைக்கும் வாக்குக் கேட்கும் கைக்கும் வேறுபாடு அற்றுப்போனால் குடியாட்சி எங்கே நிற்கும் என்று ‘சுவராச்சியா’ வார இதழிலும் ‘கல்கி’யிலும் கிழமைதோறும் எழுதினார்.

‘பணக்காரர் கட்சி’ என்று எதிரிகள் ஏளனம் செய்தனர். அதிலே உண்மை இல்லாமலில்லை. மன்னர் பரம்பரையினரும் பெருநிலக்காரரும் ஆலை முதலாளிகளும் அக்கட்சியிற் புகலடைந்தனர். ஆயினும் 1962இல் நாடாளுமன்றத்திலே 18 ஆசனமும், 1967இல் 44 ஆசனமும் பெற்று அது பெரிய எதிர்க்கட்சியாயிற்று. 1971இல் 8 ஆசனமாகத் தேய்ந்து, 1974இல் வேறு கட்சியுடன் கலந்து மறைந்தது. இராஜாஜி 1972ஆம் ஆண்டு மார்கழி 25ஆந் திகதி, தொண்ணூற்று நான்காம் வயதில் இறைவனடி சேர்ந்தார். 1991ஆம் ஆண்டு ஆடியிலே இந்திய அரசாங்கம், ஒரு சிலவற்றைத் தவிர ஏனைய கைத்தொழில்களுக்கு லைசென்ஸ் முறையை நீக்கியபோது, அக்காரியத்தைச் செய்தது எந்தக் காங்கிரசை அவர் எதிர்த்தாரோ அதே காங்கிரஸ்தான்.

தாம் செய்த பிழையிலிருந்து கற்றவர் என்பதற்கும் சான்றுண்டு. 1938இல் இந்தியைக் கட்டாயமாக்கியவர், 1965இல் இந்தி ஆட்சிமொழியாவதை எதிர்த்து நின்றார். 1967இல் திராவிட முன்னேற்றக் கழகத்தோடு தோள் சேர்ந்தார். 1956ஆம் ஆண்டுத் தனிச் சிங்களச் சட்டத்தின் கசப்பை அறிந்த எமக்கு, அம்மாற்றத்தின் பெறுமதி நன்கு விளங்கும்.

தருமம் என்னும் வேலி

மேனாட்டாரைப் போல, எவனும் தன் மனம் போனபடி வாழலாம் என்று இராஜாஜி கூறினாரா? இல்லை. மதுவிலக்குச் சட்டத்தை மில் வெளிப்படையாகவே கண்டித்தவர். இராஜாஜியோ அதைத் தம் உயிர்க்கொள்கையாகக் கொண்டவர். 1971இல் தமிழ்நாட்டு அரசு மதுவிலக்கைத் தளர்த்த முற்பட்டபோது, தொண்ணூற்றிரண்டு வயதிலே முதலமைச்சர் கருணாநிதியை நேரிற் கண்டு வேண்டாமென்று மன்றாடினார். இது முரண்பாடு என்று தருக்க நூலார் கூறுவர். கூலி வாங்கிய கை தவறணைக்குப் போகும்போது பசித்திருப்பவர்கள் மனைவி மக்கள் என்பது அவர் விடை.

அவர் கொள்கையின் ஆணிவேர் கீதையிலும் உபநிடதத்திலும் இருந்தது. அரசாங்கம் சுருங்கவேண்டுமானால் மனிதனுடைய தருமம் விரியவேண்டும் என்பது அவர் துணிபு. பொலிசுக்காரன் பார்க்காத இடத்திலும் நேர்மையாக நிற்பவனுக்கே சுதந்திரம் தங்கும். செல்வந்தன் தன் செல்வத்துக்குத் தருமகர்த்தாவாக இருக்கவேண்டும் என்ற காந்தியடிகளின் போதனையை அவர் கட்சியும் ஏற்றது. அப்போதனையைச் செல்வந்தர் எத்தனைபேர் கைக்கொண்டனர் என்று கேட்டால், அவர் கொள்கையின் மெலிந்த பக்கம் தெரியவரும்.

எமக்குரிய பாடம்

இனி எம் மண்ணுக்கு வருவோம். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படியே வன்னிக் குடியேற்றத் திட்டங்களிற் பெரும்பாலான காணிகள் கொடுக்கப்பட்டன. காட்டை வெட்டிக் கழனியாக்கிய குடியானவன் கையில் உறுதி இல்லை, பேர்மிட் இருந்தது. அனுமதியின்றி விற்கவோ ஈடுவைக்கவோ முடியாது. பெயர் குறிக்காமல் அவன் இறந்தால் மூத்த ஆண்மகனுக்கே முன்னுரிமை. பெண்ணுக்குச் சீதனங் கொடுக்கும் வழக்கமுடைய எம் சமூகத்திலே இவ்விதி 2022ஆம் ஆண்டுத் திருத்தம் வரை நின்றது. வட்டிக்காரன் கையிலே ஏழையின் காணி போய்விடக் கூடாது என்பதே சட்டத்தின் நோக்கம், அது நன்னோக்கமே. ஆயினும் காவலாக வந்த வேலி, காலப்போக்கிலே கால்விலங்காகவும் ஆகும்.

மறுபுறத்தையும் மறைக்கலாகாது. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்தபோதுதான் வன்னியின் செத்தல் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை கிடைத்தது. 1977இல் சந்தை திறந்தபோது அடிபட்டவன் எம் கமக்காரன். அவ்வாண்டு வன்செயலின் பின் மலையகத்திலிருந்து ஏதுமின்றி வந்து வன்னியிலே குடிசை போட்டவர்களுக்குப் பேர்மிட் தானும் பெருங்கனவாயிருந்தது. சொத்தே இல்லாதவனிடம் சொத்துரிமையின் மகிமையைப் பேசினால் அவன் சிரிப்பான். தஞ்சைப் பண்ணையாளுக்குச் சட்டம் செய்த இராஜாஜியை இவ்விடத்திலே நாம் மறவாதிருத்தல் வேண்டும்.

1990இன் பின் வந்த பொருளாதாரத் தடையிலே சவர்க்காரமும் மண்ணெண்ணெயும் பற்றரியும் பசளையும் அனுமதிக்குரிய பொருள்களாயின. வன்னியைவிட்டு வெளியேற விடுதலைப் புலிகளின் பாஸ். வவுனியாவிலே தங்க இராணுவத்தின் பாஸ். கொடுத்த கைகள் வேறு. காத்துநின்ற மனிதன் ஒருவனே. ஆள்பவர் அந்நியரா, எம்மவரா என்று கேட்பதோடு எம் கேள்வி முடிந்துவிடலாகாது என்பதை எமக்கு அக்காலம் கற்பித்தது. வேலூர்ச் சிறையிலே இராஜாஜி எழுதிவைத்ததும் அதுவே.

ஆதலின் வாலிப அன்பர்களே, நாளை நீங்கள் கிராம சங்கத்திலும் கூட்டுறவுச் சங்கத்திலும் ஆலய பரிபாலன சபையிலும் பிரதேச சபையிலும் பதவி வகிப்பீர்கள். சிலர் கந்தோர் மேசைக்குப் பின்னே அமர்ந்து பேர்மிட்டில் ஒப்பமிடுவீர்கள். அப்போது இரு கேள்விகளை உங்கள் நெஞ்சோடு கேட்டுக்கொள்ளுங்கள். இந்த மனிதன் இக்காரியத்துக்கு என் அனுமதியைக் கேட்டு நிற்கத்தான் வேண்டுமா? இந்த வேலியை நான் எடுத்துவிட்டால், வலியவன் கையில் அகப்படப்போகும் மெலியவன் யார்? முதலாவது கேள்வியைக் கேட்க இராஜாஜியின் பிற்கால எழுத்து கற்பிக்கும். இரண்டாவதைக் கேட்க அவருடைய ஆட்சியின் நிறையும் குறையும் கற்பிக்கும். இரண்டையும் ஒருங்கே கேட்பவனிடத்தில் அதிகாரம் இருந்தால் ஊருக்கு அச்சமில்லை.